மருந்துக் கொம்பும் தூக்கு மேடையும்: பசுட்டோலாந்து 1948–49, ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளே, நாலா பக்கமும் அந்த ஒரே நாட்டால் சூழப்பட்டு, மலைமேல் இருக்கும் சிறு நாடு லெசோத்தோ. 1966 அக்டோபர் 4 அன்று சுதந்திரம் பெறும்வரை அது பசுட்டோலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1949 ஆகஸ்ட் 3 அன்று அதன் தலைநகர் மசேருவில் நாட்டின் மிக உயர்ந்த தலைவர்களில் ஒருவரையும், ஒரு பெரும் பகுதியை ஆண்டுவந்த தலைவி ஒருவரையும் அரசு தூக்கிலிட்டது. ஓர் எளிய மனிதரைக் கொல்ல ஏவினார்கள் என்பது குற்றச்சாட்டு. கொன்றது, அவர் உடலிலிருந்து மருந்து செய்வதற்காக.

அந்த வழக்கின் பதிவு இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. கொலையுண்டவருக்கும் கொன்றவர்களுக்கும் பேரப் பிள்ளைகள் அதே மலைக் கிராமங்களில் இன்றும் இருப்பார்கள்.

சொல்லைப் பற்றி முதலில்

தமிழில் இதை ‘நரபலி’ என்று எழுதிவிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பலி என்றால் அதை ஏற்றுக்கொள்ளும் ஒரு தெய்வம் இருக்க வேண்டும். இந்த நாட்டின் பசோத்தோ மக்களிடம் நடந்த இந்தக் கொலைகளில் தெய்வமும் இல்லை, காணிக்கையும் இல்லை. அவர்களுடைய செசோத்தோ மொழியில் ‘லிரெட்லோ’ என்பார்கள். மனித உடலிலிருந்து அறுத்தெடுத்த சதை என்பது அதன் பொருள். அதை மூலிகைகளோடு கலந்து கருக்கி ஒரு கொம்பில் அடைத்து வைப்பார்கள். அந்தக் கொம்புக்கு ‘லெனாகா’ என்று பெயர். எனவே இதை ‘மருந்துக் கொலை’ என்று சொல்வதுதான் சரி. ஆங்கிலப் பத்திரிகைகள் சடங்குக் கொலை என்றே எழுதின. அந்தச் சொல் வாசகர் மனதில் ஏதோ இருண்ட மதத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. பின்னால் இருந்த பதவிப் போட்டி அதில் மறைந்துபோனது.

பின்னணி: சுருங்கிக்கொண்டே வந்த அதிகாரம்

பசோத்தோ நாட்டை உருவாக்கியவர் முதலாம் மொஷ்வேஷ்வே. டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களின் தாக்குதலைத் தாங்க முடியாமல் 1868-இல் அவர் பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்றார், 1870-இல் இறந்தார். சிறிது காலம் தெற்கே இருந்த பிரிட்டிஷ் கேப் காலனியின் கீழ் இருந்த நாடு, துப்பாக்கிகளைப் பறிக்க முயன்றதால் மூண்ட போருக்குப் பிறகு 1884-இல் நேரடியாக லண்டனின் கைக்கு வந்தது. வெள்ளை அதிகாரிகள் சிலரே. அன்றாட ஆட்சியை நடத்தியவர்கள் தலைவர்கள்.

இந்தத் தலைவர்கள் பெருகிய விதம்தான் கதையின் வேர். ஒரு தலைவர் தன் மகனை ஒரு பகுதியில் ‘அமர்த்துவார்’. அந்த மகன் பெரியவனானதும் தன் மகன்களை அதற்குள் அமர்த்துவான். ஏற்கெனவே அங்கே இருந்தவர் ஒரு படி கீழே போவார். பல மனைவியர், பல மகன்கள், ஒரே அளவு நிலம். சில தலைமுறைகளில் நாடு முழுக்கத் தலைவர்களாகிவிட்டார்கள். ஒவ்வொருவரும் வழக்கு கேட்டார்கள், அபராதம் வாங்கினார்கள். அந்த அபராதம் அவரவர் பைக்குள் போனது.

பிரிட்டிஷ் அரசுக்காக ஆலன் பிம் எழுதி 1935-இல் வந்த அறிக்கை இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தது. அதன்மேல் 1938-இல் இரண்டு பிரகடனங்கள் வந்தன. இனி அரசிதழில் பெயர் வந்தவர்தான் தலைவர். அரசு அங்கீகரித்த நீதிமன்றம்தான் நீதிமன்றம். 1946-இல் அடுத்த அடி விழுந்தது. தேசியக் கருவூலம் ஒன்று ஏற்பட்டது. அபராதப் பணம் அதற்குப் போக வேண்டும், தலைவர்களுக்குச் சம்பளம். ஆயிரத்துக்கு மேல் இருந்த நீதிமன்றங்கள் நூற்றுச் சொச்சமாகக் குறைந்தன.

கணக்கு வழக்கு தெரிந்தவர் யாரும் இந்தச் சீர்திருத்தத்தைத் தவறு என்று சொல்ல மாட்டார். சாதாரண மக்கள் தலைவர்களின் அபராதங்களால் நொந்துபோயிருந்தார்கள். ஆனால் காலையில் தலைவராக எழுந்தவர் மாலையில் வெறும் குடிமகனாகிவிடும் நிலை உண்டானது. யார் தங்குவார், யார் போவார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதற்கு மேலே உச்சியில் ஒரு வாரிசுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. 1939-இல் பெருந்தலைவர் இறந்தார். பதவிக்குப் போட்டியிட்ட அவருடைய இரு மகன்களில் ஒருவர் பதவிக்கு வந்து அடுத்த ஆண்டின் இறுதியிலேயே இறந்துவிட்டார். அவருடைய வாரிசு குழந்தை. அந்தக் குழந்தைக்காக ஆட்சியை நடத்த, இறந்தவரின் மூத்த மனைவியைத் தலைவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மகன் இதை ஏற்கவில்லை. அண்ணன் தம்பி இறந்தால் அவர் மனைவியையும் வீட்டையும் உயிரோடு இருக்கும் சகோதரன் ஏற்கும் வழக்கம் உண்டு, அந்த வழக்கப்படி பொறுப்பு தனக்கே என்று உயர் நீதிமன்றம் போனார். 1943-இல் நீதிமன்றம் கைவிரித்தது. ஒரு பெண் பொறுப்பில் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

தோற்ற அந்த மகன்தான் நம் கொலை வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்.

கொம்பு

தலைவர்களுடைய கொம்பில் இருக்கும் மருந்து அவர்களுக்கு உடல் கவசம் போன்றது. எதிரி செய்யும் வினை பலிக்காமல் இருக்க, ஊர் தன் சொல்லுக்குக் கட்டுப்பட, எல்லைத் தகராறில் வெல்ல, வழக்கில் ஜெயிக்க அதை எடுத்துப் பூசுவார்கள். தயாரித்துக் கொடுப்பவர் ‘ஙாகா’ என்ற வைத்தியர். போர்கள் நடந்த காலத்தில் களத்தில் விழுந்த எதிரியின் சதை இந்தக் கொம்புக்குப் போனது என்பது மரபு. பிரிட்டிஷ் ஆட்சி போர்களை நிறுத்தியது. எதிரியின் உடல் இனிக் கிடைக்காது. கொம்பு வெறுமையாகக் கூடாது என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே இருந்தது.

இதைக் கேட்டு, ஆப்பிரிக்கா என்றாலே இப்படித்தான் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மொஷ்வேஷ்வே 1855-லேயே ஒரு சட்டம் வெளியிட்டார்: சூனியக்காரர் என்று சொல்லி ஒருவரைக் கொல்பவருக்கு மரண தண்டனை. அவருடைய தாத்தாவை மனிதக்கறி தின்னும் கும்பல் ஒன்று கொன்று தின்றதாகவும், பிடிபட்ட அவர்களை அவர் கொல்லாமல் மன்னித்து நிலம் கொடுத்துக் குடியமர்த்தியதாகவும் பசோத்தோ மரபு சொல்கிறது. மாந்திரீகத்தின் பேரில் நடக்கும் கொலையைக் குற்றமென்று சொல்ல அந்த மக்களுக்கு வெள்ளைக்காரர் தேவைப்படவில்லை. கொலையுண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண பசோத்தோ மக்கள். இந்தக் கொலைகளைக் கண்டு அதிகம் நடுங்கியவர்களும் அவர்கள்தான்.

ஒரு கொலையில் பத்துப் பேர் வரைகூட ஈடுபடுவது உண்டு. தலைவர் ஆணையிடுவார், மறுத்தால் அடுத்த உடல் தன்னுடையதாக இருக்கலாம் என்ற பயத்தில் மற்றவர்கள் போவார்கள். பலியாகப் போகிறவரை அழைத்துப் போவது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தவராக, சில சமயம் உறவினராகவே இருப்பார். சதையை உயிர் இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. உடலைப் புதைக்க மாட்டார்கள். மலைச்சரிவுக்குக் கீழேயோ ஓடைக் கரையிலோ, தவறி விழுந்து இறந்ததுபோலத் தெரியும்படி போட்டுவிடுவார்கள்.

1940-களில் இத்தகைய கொலைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடின. 1948-இல் மட்டும் சந்தேகத்துக்குரியவை இருபதை ஒட்டி. நாட்டின் மக்கள்தொகை அப்போது ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். அதில் ஏராளமான ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இருந்தார்கள். ஆண்கள் குறைந்த கிராமங்களில் பெண்கள் இருட்டியபின் வெளியே போகப் பயந்த காலம் அது.

1948 மார்ச்

பெரேயா மாவட்டத்தில் ஒரு பெரிய பகுதியின் தலைவர் இறந்தபின் அவருடைய விதவை பொறுப்பை நடத்திவந்தார். அவரும் வாரிசு வழக்கில் தோற்ற அந்தத் தலைவரும் நெருக்கமானவர்கள். 1948 மார்ச் தொடக்கத்தில் ஓர் இரவு, அந்தத் தலைவியின் ஊரில் ஓர் ஆண் கொல்லப்பட்டார். தலைவரும் தலைவியும் சேர்ந்து திட்டமிட்டார்கள், தலைவரின் மருந்துக் கொம்புக்காகத்தான் கொலை நடந்தது, ஆணையை நிறைவேற்றியவர்கள் அவர்களுடைய ஆட்கள். இதுதான் அரசுத் தரப்பின் வாதம்.

இதற்கு மேல் அந்த இரவை நான் வர்ணிக்க விரும்பவில்லை. அதை விவரித்தவர்கள் எல்லோரும் அதில் கை வைத்தவர்கள். அந்த மனிதருக்கு நடந்ததை அவர் பக்கத்திலிருந்து சொல்ல ஒருவரும் இல்லை.

விசாரணை: கீழிருந்து மேலே

காவல்துறை கையாண்ட வழி இந்தக் காலத்து வழக்குகள் பலவற்றிலும் ஒன்றுதான். நேரடியாகத் தலைவரிடம் போக முடியாது. அவர் கையால் ஒன்றும் செய்திருக்க மாட்டார். அவரைக் காட்டிக்கொடுக்கும் பொருளும் வீட்டில் அகப்படாது. உடல் கிடைக்கும்போது பல நாள் கடந்திருக்கும். காயம் கத்தியால் ஆனதா, பறவை விலங்குகளால் ஆனதா என்று மருத்துவரே தடுமாறும் நிலை. ஊர் பேசாது. ஆகவே முதலில் கடைநிலை ஆட்களைப் பிடிப்பார்கள். உண்மையைச் சொன்னால் உனக்குத் தண்டனை இல்லை என்பார்கள். அவர் இன்னொருவரைச் சொல்வார், அவரும் பேசுவார். இப்படியே ஏணியில் ஏறித் தலைவரின் வாசல்வரை போவார்கள்.

நம் ஊரில் ‘அப்ரூவர்’ என்கிறோமே, அதே முறைதான். அங்கே அது பெருகிப்போயிருந்தது. ஒரே வழக்கில் கொலையில் பங்கெடுத்த பலர் அரசுச் சாட்சிகளாகிவிடுவார்கள். விசாரணை முடியும்வரை பலர் காவல்துறையின் கண்காணிப்பில்தான் இருப்பார்கள். பாதுகாப்புக்கு அது தேவை என்பதை மறுக்க முடியாது. வெளியே விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஒன்றாக வைக்கப்பட்ட சாட்சிகள் நீதிமன்றத்தில் ஒரே மாதிரிப் பேசும்போது, அது ஒரே உண்மையைப் பார்த்ததாலா, ஒரே பாடத்தைப் படித்ததாலா என்று கேள்வி எழாமல் இருக்காது. அந்தக் கேள்வி அப்போதே எழுந்தது.

இந்த இருவரையும் கைது செய்வது சின்ன முடிவு இல்லை. நாட்டின் பெருந்தலைவர் பதவிக்கே உரிமை கோரியவர் ஒருவர். பெரும் பகுதி ஒன்றை ஆள்பவர் மற்றவர். விட்டுவிட்டால் சட்டம் கூலியாட்களுக்கு மட்டும்தான் என்றாகும். பிடித்தால் தலைவர்கள் வழியாக நடக்கும் ஆட்சியே ஆட்டம் காணும். அரசு பிடிக்கத் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை இன்றும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. ஏவப்பட்டவர்களை மட்டும் தண்டித்து ஏவியவர்களை விடுவது கொலையுண்டவரை இன்னொரு முறை கொல்வது போல.

மசேரு நீதிமன்றம்

ஜூரி கிடையாது. நீதிபதி ஒருவர், அவருக்கு ஆலோசனை சொல்ல நிர்வாக அதிகாரிகளும் பசோத்தோ ஆலோசகர்களும் உடன் அமர்வார்கள். முடிவு நீதிபதியுடையது. விசாரணை ஆங்கிலத்தில், சாட்சிகள் பேசியது செசோத்தோவில். ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாகத்தான் நீதிபதியின் காதுக்குப் போனது.

வழக்கின் உயிர் ஒரு சட்டப் பிரிவில் இருந்தது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்ட அந்தப் பிரிவின்படி, குற்றம் நடந்தது என்பது கூட்டாளியின் வாய் அல்லாத வேறு சாட்சியத்தால் நிரூபணமாக வேண்டும். அது நிரூபணமானபின், யார் செய்தது என்பதற்குக் கூட்டாளியின் சாட்சியமே போதும். அதாவது, உடலும் காயமும் கொலை நடந்ததைக் காட்டிவிட்டால், தலைவரை அதனோடு கட்டிப்போடும் கயிறு கூட்டாளியின் சொல்லாக மட்டுமே இருக்கலாம்.

நம் சாட்சியச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் கூட்டாளி சாட்சியை மட்டும் வைத்துத் தண்டிப்பது சட்டவிரோதம் இல்லை என்றது. ஆனால் முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் இல்லாதவரை அவர் நம்பத் தகுந்தவர் அல்ல என்று கொள்ளலாம் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்து, குற்றவாளியைக் குற்றத்தோடு இணைக்கும் தனி ஆதாரத்தை நீதிமன்றங்கள் கேட்டு வந்தன. பசுட்டோலாந்திலும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கவே செய்தது. ஆனால் சட்டத்தின் வாசகம் கேட்டது அதைவிடக் குறைவு.

உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து மரண தண்டனை விதித்தது.

லண்டன்

மேல்முறையீடு பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இந்தியாவுக்கும் அதுதான் அப்போது இறுதி நீதிமன்றம். இந்திய வழக்குகள் மீதான அதன் அதிகாரம் முடிந்தது இதே 1949 அக்டோபரில். அந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரிசாவிலிருந்து போன ஒரு கொலை வழக்கில், ஒரு கூட்டாளியின் சொல்லுக்கு இன்னொரு கூட்டாளியின் சொல் துணையாகாது என்று சொல்லி அது தண்டனையை ரத்து செய்தது. அதே காலத்தில் பசுட்டோலாந்திலிருந்து வந்த மற்றொரு கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் ஏறிப் பேசாமல் இருந்ததையோ பொய் சொன்னதையோ கூட்டாளி சாட்சிக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. அபாயம் என்னவென்று அந்த மன்றத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இருந்தும் இந்த வழக்கில் மேல்முறையீடு தள்ளுபடியானது. உள்ளூர்ச் சட்டம் கேட்டது நிறைவேறிவிட்டது என்றால் அதற்கு மேல் தலையிடுவது அந்த மன்றத்தின் வழக்கம் இல்லை.

மிச்சம் இருந்தது கருணை மனு. அந்த அதிகாரம் தென்னாப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஈவ்லின் பேரிங்கிடம் இருந்தது. இங்கே கருணை காட்டினால் பெரிய தலைவர்களுக்கு ஒரு நீதி, சின்ன ஆட்களுக்கு ஒரு நீதி என்று ஊர் பேசும். இதே குற்றத்துக்காகச் சாதாரண ஆட்கள் ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்தார்கள். கருணை கிடைக்கவில்லை. 1949 ஆகஸ்ட் 3 அன்று தண்டனை நிறைவேறியது.

மக்கள் நம்பினார்களா?

நான் இந்த வழக்கை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

பசோத்தோ நாட்டில் 1919-இலிருந்து இயங்கி வந்த ஓர் இயக்கம் லெகொட்லா லா பாஃபோ. சாதாரண மக்களின் அவை என்று பொருள். அதை நடத்திய ஜோசியல் லெஃபெலா, தலைவர்களின் ஊழலையும் வெள்ளையர் ஆட்சியையும் ஒருசேரத் தாக்கியவர். கொலையுண்டவர்கள் அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்கள்தான். அப்படியென்றால் அவர் அரசின் பக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. லிரெட்லோ என்பதே பிரிட்டிஷார் கட்டிய கதை, தலைவர்களை ஒழித்துவிட்டு நாட்டைத் தென்னாப்பிரிக்காவுடன் சேர்க்கச் செய்யும் சதி என்றார். ஏராளமானோர் அதை நம்பினார்கள்.

படிக்காத மக்களின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1909-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தை உருவாக்கிய சட்டத்திலேயே பசுட்டோலாந்தை ஒருநாள் அதனோடு இணைப்பதற்கான வழி எழுதப்பட்டிருந்தது. தென்னாப்பிரிக்க அரசு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. கொலை நடந்தது 1948 மார்ச். இரண்டே மாதத்தில், மே மாதம், இனஒதுக்கலைக் கொள்கையாக அறிவித்த தேசியக் கட்சி அங்கே ஆட்சிக்கு வந்தது. பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது. அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக் காவலாளி உங்கள் குடும்பத்துப் பெரியவர்களைக் கைது செய்கிறார். உங்களுக்கு என்ன தோன்றும்? ‘இவர்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தகுதி இல்லை’ என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதற்காகத்தான் இந்த வழக்குகள் என்று நினைப்பது இயல்புதான்.

‘மொரேனா கே மொரேனா கா பாத்தோ’ என்பது செசோத்தோ பழமொழி. தலைவர் மக்களால்தான் தலைவர். தலைவர்மேல் எவ்வளவு கசப்பு இருந்தாலும், நாடு பறிபோகாமல் காக்கும் கடைசி வேலி தலைமைதான் என்று மக்கள் நினைத்தார்கள். இங்கே நீதிமன்றம் சரியான தீர்ப்பையே தந்திருந்தாலும், அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கும் நிலையில் இல்லை. நாட்டின் பேரில் தூக்கிலிடப்பட்ட இருவர் அந்த நாட்டின் பெரும் பகுதிக்கு அநியாயமாகச் செத்தவர்கள் ஆனார்கள். கொல்லப்பட்ட மனிதரோ பேச்சிலிருந்தே காணாமல் போனார்.

பிற்காலத்தில் விசாரணைப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக அலசிய வரலாற்றாய்வு, கொலைகள் கட்டுக்கதை அல்ல, பெரும்பாலும் உண்மையாகவே நடந்தவை என்ற முடிவுக்கு வந்தது. சாட்சிகளைத் தயார் செய்ததில் காவல்துறை முறைகேடாக நடந்த இடங்கள் உண்டு என்பதையும் அது மறைக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அன்று இரு தரப்பும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டன.

ஆய்வாளர் வந்தார்

1949-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜி. ஐ. ஜோன்ஸ் என்பவரைப் பிரிட்டிஷ் அரசு அனுப்பியது. நைஜீரியாவில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். கொலைகள் ஏன் கூடின என்று கண்டறிவது அவர் வேலை. அறிக்கை வெளியானது 1951-இல். காரணத்தைத் தேட ஆள் அனுப்பிய ஆண்டிலேயே தூக்கு நடந்துவிட்டது. பதில் வந்தபோது தூக்கிலிடப்பட்டவர்கள் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜோன்ஸ் கொலைகள் உண்மை என்றார். சதிக் கதையை ஏற்கவில்லை. ஆனால் பொறுப்பின் ஒரு பகுதியை அரசின் வாசலிலும் வைத்தார். மகன்களை அமர்த்தும் முறையால் ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த தலைவர்களை 1938, 1946 மாற்றங்கள் விளிம்புக்குத் தள்ளின. பதவி போகுமோ என்ற பயத்தில் அவர்கள் கொம்பைத் தேடிப் போனார்கள். பெரிய தலைவர்கள் செய்வதைப் பார்த்துச் சிறியவர்களும் செய்தார்கள். இதுதான் அவர் விளக்கம். உத்தியோகத்தில் இருந்தவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

இந்த விளக்கத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. 1938-க்கு முன்பும் இத்தகைய கொலைகள் நடந்தன. சீர்திருத்தத்தால் எதையும் இழக்காத தலைவர்கள்மீதும் குற்றச்சாட்டு வந்தது. நம் வழக்கையே எடுத்தால், அந்தத் தலைவரின் மனதுக்குள் இருந்தது நீதிமன்றக் குறைப்பைவிட 1943-இல் தோற்ற வாரிசு வழக்காக இருந்திருக்கவே அதிக வாய்ப்பு. ஆனால் பயம்தான் ஊற்று என்று ஜோன்ஸ் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறியிருக்கும்.

தூக்குக்குப் பிறகு

குழந்தை வாரிசுக்காக ஆட்சி நடத்திவந்த பெருந்தலைவியும் பிரிட்டிஷ் ஆணையரும் சேர்ந்து நாடெங்கும் போய், ‘பிட்ஸோ’ எனும் மக்கள் கூட்டங்களில் இந்தக் கொலைகளைக் கண்டித்துப் பேசியிருந்தார்கள். அந்தப் பெருந்தலைவிமீதே காவல்துறைக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. மக்கள் இதையும் கவனித்தார்கள். ஒருவரைத் தூக்கில் போட்டார்கள், அவருடைய போட்டியாளரைத் தொடவில்லை என்று பேச்சு எழுந்தது.

1949-க்குப் பிறகு கொலைகள் சற்றுத் தணிந்தன, நிற்கவில்லை. 1950-களில் மறுபடி கூடின. சுதந்திரம் வரையிலும் அதற்குப் பின்னும் அங்கொன்று இங்கொன்றாகத் தொடர்ந்தன. காலனி ஆட்சிக் காலம் முழுதும் சேர்த்தால் இருநூறுக்கு மேற்பட்ட மரணங்கள் இந்தச் சந்தேகத்தின் கீழ் பதிவாகியிருக்கின்றன. 1952-இல் பிறந்த பசுட்டோலாந்து ஆப்பிரிக்கக் காங்கிரஸுக்கு லெஃபெலாவின் இயக்கம் முன்னோடியாக இருந்தது. வழக்கின் கசப்பும் அந்த வழியாக அரசியலுக்குள் போனது.

எதை வேறு விதமாகச் செய்திருக்கலாம்

தலைவர்கள்மீது வழக்குப் போட்ட முடிவை நான் மாற்ற மாட்டேன். அதற்குப் பிறகு நடந்தவற்றில் மாற்ற நிறைய இருக்கிறது.

முதலாவது சாட்சிகள். கொலையில் பங்கெடுத்தவரைச் சாட்சியாக்காமல் இந்த வழக்குகளை நடத்தவே முடியாது என்பது உண்மை. ஆனால் விசாரணை நடத்திய அதே காவலர்களின் கையில் அவர்களை வைத்திருக்கத் தேவையில்லை. வாக்குமூலம் கொடுத்தவுடன் தனித்தனியாக, காவல்துறைக்குச் சம்பந்தமில்லாத பொறுப்பில் வைத்திருக்கலாம். சதிக் கதைக்குக் கிடைத்த மிகப் பெரிய தீனி அந்தக் காவல்தான். சட்டப் பிரிவையும் திருத்தியிருக்க வேண்டும்: குற்றம் நடந்ததற்கு மட்டுமல்ல, இன்னார்தான் ஏவினார் என்பதற்கும் தனி ஆதாரம் வேண்டும் என்று. அதனால் சில குற்றவாளிகள் தப்பியிருப்பார்கள், தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் தண்டனை பெற்றவர்களைப் பற்றி இவ்வளவு சந்தேகம் மிஞ்சியிருக்காது.

அடுத்து, தூக்கின் நேரம். ஜோன்ஸ் தன் வேலையை முடிக்கும்வரை தண்டனையை நிறுத்தி வைத்திருந்தால் நீதி கெட்டுப்போயிருக்காது. உயர் ஆணையர் நினைத்தது அந்தத் தலைவர்களின் அந்தஸ்தை. அவர்கள் சாவை ஊர் எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதையும் அவர் நினைத்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, 1946-இல் நீதிமன்றங்களைக் குறைத்தபோதே யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பதவி இழக்கும் இந்த ஆயிரம் பேர் நாளை என்ன செய்வார்கள்? படிப்படியாகக் குறைக்கலாம், இறக்கும்வரை பட்டத்தையாவது விடலாம், யார் தங்குவார் என்ற பட்டியலை மக்கள் கூட்டத்தில் வைத்துப் பேசலாம்.

கடைசியாக, கொலையுண்டவரின் வீடு. பசோத்தோ மரபில் ஒருவர் கொல்லப்பட்டால் அவர் குடும்பத்துக்கு மாடுகளை ஈடாகக் கொடுப்பார்கள். ‘தலையை எழுப்புதல்’ என்று அதற்குப் பெயர். இறந்தவருடைய வீட்டை மறுபடி நிற்க வைப்பது அதன் நோக்கம். இப்படிப்பட்ட ஒரு வழக்கில் அரசே முன்னின்று, பிட்ஸோ கூட்டி, எல்லோரும் பார்க்க, தலைவரின் தொழுவத்திலிருந்து அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் கட்டியிருக்கலாம். இன்னார் வீட்டு மனிதரைக் கொன்றதற்கான ஈடு இது என்று அவர் பெயரை உரக்கச் சொல்லியிருக்கலாம்.